மசாம்பாவின் வெறுங்கை

எங்கள் ருஃபிஸ்க் ஊர் மீனவர் தெருவில் மல்யுத்தக்காரன் மசாம்பாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவன் கைத் தாயத்தைத்தான் முதலில் சொல்வார்கள். வெள்ளைக்காரன் அதற்குக் கிரிகிரி என்று ஏதோ பெயர் வைத்தான். நாங்கள் சொல்வது தேரே. தேரே என்றால் புத்தகம். குர்ஆன் வசனம் எழுதிய தாளை மடித்துத் தோலுக்குள் வைத்துத் தைப்பதால் அந்தப் பெயர். புத்தகத்துக்கு உள்ள மரியாதை அதற்கும் உண்டு. தரையில் வைக்கக்கூடாது, கக்கூசுக்குள் கொண்டுபோகக்கூடாது.

அதனால் பந்தயத்துக்கெல்லாம் அண்ணன் பிராமும் கூடப் போவார். தம்பி கக்கூசுக்குள் இருக்கும்வரை வாசலில் தாயத்தோடு நிற்பார். போன வருஷம் தொழுகைக்குக் கைகால் கழுவும்போது, மறதியாக அதை மணலில் வைத்துவிட்டார். அன்று மசாம்பா மண்ணைக் கவ்வினான். மறுநாள் மீன்கரையில் ஊரே பார்க்கக் கத்தினான்.

"ஒரு தாயத்தப் பிடிச்சிட்டு நிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

நாங்கள் வேடிக்கைதான் பார்த்தோம், வெட்கக்கேடு. அதன்பிறகு பிராம் தன் படகைக் கல்லறைப் பக்கம் கரையேற்றினார். அங்கே போய் யார் மீன் வாங்குவார்கள்? ஆனாலும் பந்தயத்துக்குத் தம்பி கூடப் போவதை மட்டும் விடவில்லை.

போன ஞாயிறு, மசாம்பா கக்கூசில் இருக்கும்போதே அவன் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்தில் மறுபக்க வாசல் வழியாகக் கோதாவுக்கு ஓடினான். எதிராளியை முதுகு மண்ணில் படத் தூக்கிப் போட்டான். மேளம் அதிர்ந்தது. வழக்கம்போலத் தாயத்தை முத்தமிடக் கையை உயர்த்தினான். வெறுங்கை.

திரும்ப ஓடினான். பிராம் அதே வாசலில், தாயத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"தோத்துட்டியாடா? நான் இங்கேருந்து அசையலடா. கீழயும் வைக்கல."

"ஜெயிச்சிட்டேண்ணே."

பிராமுக்கு அது புரியக் கொஞ்ச நேரமானது. நாங்கள் கூட்டமாக வருவதைப் பார்த்ததும் பதறிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துத் தாயத்தைக் கட்டத் தொடங்கினார்.

"சீக்கிரம் கட்டிக்கடா. வெறுங்கையப் பாத்தா உன்னக் கேலி பண்ணுவாங்க."

மசாம்பாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த மனுஷனையா அப்படிப் பேசினோம்?

"கட்டாதண்ணே. அன்னிக்கு நான் தோத்தது என் தப்புதான். நீ ஒண்ணும் பண்ணல."

பிராம் முடிச்சுப் போடுவதை நிறுத்தினார்.

"இங்க வேணாம். மீன்கரைக்கு வந்து சொல்லு. அங்கதான என்னத் திட்டின."