பெருமாள் நலமாக இருக்கிறார்

கரமனை அக்ரஹாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாவுச் செய்தி தாங்கி வரும் கடிதத்தை வாசலில் நின்றே படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இப்போது அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. படித்த கையோடு அழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விஜயலக்ஷ்மி அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவள். சாவு, செத்தார் என்ற சொல்லை அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. கணவர் போனபோதுகூட அவருடைய ஆபீசுக்கு போன் பண்ணி, "அவர் இனிமே வரமாட்டார், கேட்டேளா" என்றுதான் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் ராஜினாமா என்று நினைத்துக்கொண்டு, எழுத்தில் கொடுக்கச் சொன்னார். தெருவில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் பிறகு சேர்ந்து சிரித்தாள்.

தனியானபின் அவள் வேலைக்குப் போன இடம் 'தாவளம்'. ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் ஊர் பேர் தெரியாமல் திரிகிறவர்களைக் கூட்டிவந்து சோறு போட்டு வைத்திருக்கும் தர்ம ஸ்தாபனம். அதன் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம், தமிழிலும் மலையாளத்திலும். போட்டோ, எங்கே கிடைத்தார், என்ன பிடிக்கும் என்று எழுதி, 'நலமாக இருக்கிறார்' என்று முடிப்பாள். போலீஸ் விளம்பரம் மாதிரி அங்க அடையாளம் மட்டும் எழுத அவளுக்கு மனசு வராது. 'தூங்கும்போது செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்' என்று எழுதியதைப் படித்தே ஒரு குடும்பம் நாகர்கோவிலிலிருந்து ஓடிவந்தது. அன்று அவள் நடந்த நடையே வேறு.

யாராவது வீட்டுக்குத் திரும்பினால், முதல் பக்கத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவாள். யாராவது இறந்தாலும் அதையேதான் செய்தாள். அவர்களுடைய பக்கத்தை அழிக்கமாட்டாள். ஒரு முகத்தை அழிக்கக் கை வராது. எழுதியதை மாற்றவும் மாட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோவுக்குக் கீழே சாவை எழுதுவது, கிழிக்க வேண்டிய கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது போல அவளுக்கு. பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்கு யாரும் போகப்போவதில்லை. அவளுக்குத் தெரிந்த கணினி சாஸ்திரம் அவ்வளவுதான், அது பல வருஷம் அவளைக் காப்பாற்றியும் வந்தது.

பழைய வெப்சைட் கைபேசியில் சரியாகத் திறக்காது. அதைப் புதிய முறைக்கு மாற்றிவிடலாம் என்று நிர்வாகிகள் முடிவு பண்ணினார்கள். கழக்கூட்டத்திலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, இலவச சேவையாக, ரெஜியை அனுப்பியது. பாறசாலைப் பக்கத்துப் பையன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், நல்லவன்.

"மாமி, பழையதில கிடக்கிறது எல்லாத்தையும் கொண்டு வரணுமா?" என்று கேட்டான்.

"பின்னே? ஒண்ணையும் விட்டுடப்படாது. தொலைஞ்சா நான் எங்க போய்த் தேடுவேன்?"

அவன் ஒன்றையும் விடவில்லை. புதிய முறையில் யாரும் கையால் பட்டியல் போட வேண்டியதில்லை, இருக்கிற பக்கங்களை எல்லாம் அதுவே எடுத்து வரிசையாக அடுக்கிக்கொள்ளும். இதை அவன் சொல்லவில்லை. அவள் பழைய பட்டியலிலிருந்து ஏன் பெயர்களை எடுத்தாள் என்று அவளும் சொல்லவில்லை. ஆளுக்கொரு வாய் இருந்தும் இரண்டுமே திறக்கவில்லை. திறப்பு நாளன்று அவள் இருப்பவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று மட்டும் பார்த்தாள். வந்திருந்தார்கள். கீழே இன்னும் முகங்கள் இருந்தன, அவள் அதுவரை இறங்கிப் போகவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் போன் அடித்தது.

"தாவளமா? நான் வித்துராவிலேருந்து சுமி பேசுறேன். எங்கப்பா அங்கதான இருக்காரு? ஒரு க்ரூப்புல போட்டோவோட தமிழ்ப் பக்கம் மட்டும் வந்துச்சு. எனக்குத் தமிழ் வாசிக்க வராது, அம்மாதான் வாசிச்சாங்க. நலமாக இருக்கிறார்னு போட்டிருக்கு. செடியெல்லாம் இடுப்பளவுக்குச் சமமா வெட்டிருவார்னு போட்டிருக்கு. அது அப்பாதான். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுல கவாத்து வெட்டுன ஆளு."

பெருமாள். தன் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதவர். தோட்டத்துச் செம்பருத்தியையும் குரோட்டன்ஸையும் ஒரே மட்டத்துக்கு வெட்டித் தள்ளி எல்லோரிடமும் திட்டு வாங்கியவர். பொன்முடி மலைக்குப் போகும்போதெல்லாம் இடுப்பளவுத் தேயிலைச் செடிகளைப் பார்த்தவள்தான் விஜயலக்ஷ்மி. இருந்தும் அவளுக்கு உறைக்கவில்லை. ஒரு பஸ் ஏறிப் போகிற தூரத்தில் அவர் வீடு இருந்திருக்கிறது. நிமோனியாவில் அவர் இறந்து, சொந்தம் என்று யாருமில்லாமல் தைக்காட்டு மயானத்தில் எரிந்தபோது, பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "வாங்கோ, நேர்ல வாங்கோ" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

ரெஜிக்கு போன் பண்ணினாள். அவன் பதறிப்போனான். "மாமி, இப்பவே மறைச்சிடறேன். ஒரு நிமிஷம் போதும்."

"பாத்துட்டாளேடா" என்றாள் அவள்.

மத்தியானத்துக்கு முன்பே சுமி வந்துவிட்டாள். கையில் துணிப்பை, அதிலிருந்து புதுச் சட்டை எட்டிப் பார்த்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த கிழவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அப்பா குளிக்கிறாரா?"

"முதல்ல உக்காரு. காபி கொண்டுவரச் சொல்றேன்."

"அப்பா காபி தொடமாட்டாரு. கட்டன் சாயா மட்டுந்தான்." சுமி சிரித்தாள்.

"தெரியும்" என்றாள் விஜயலக்ஷ்மி. "பெருமாள் இப்போ இங்க இல்லேம்மா."

"வேற இடத்துக்கு மாத்திட்டீங்களா?"

"இல்லே. உடம்புக்கு முடியாம இருந்தது."

"எந்த ஆஸ்பத்திரி? நான் போய்க்கிறேன்."

பதமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று இவள் ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட, அந்தப் பெண் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த மென்மையைப் போல ஒரு கொடுமை கிடையாது. கடைசியில் விஜயலக்ஷ்மிக்கு வார்த்தை தீர்ந்துபோயிற்று. சுமி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எப்ப?"

"முந்தின வருஷக் கர்க்கடக மாசத்துல."

"நலமாக இருக்கிறார்னு போட்டிருந்தீங்களே."

விஜயலக்ஷ்மி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. சுமி அழவில்லை. தோட்டத்தைப் பார்த்தாள். செம்பருத்தி இப்போது கண்டபடி வளர்ந்து கிடந்தது.

"அம்மா காலையிலேயே சோறாக்க ஆரம்பிச்சிட்டா" என்றாள். "அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? நீங்க சொல்லுங்க. எழுதினது நீங்கதான."

எண்ணை அழுத்திக் கைபேசியை நீட்டினாள். விஜயலக்ஷ்மி வாங்கிக் காதில் வைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, நீங்களா?" என்றது ஒரு வயதான குரல். "வீட்டை விட்டுப் போனதுக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை பேசுங்க."

விஜயலக்ஷ்மி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அம்மா, நான் தாவளத்துலேருந்து பேசறேன். பெருமாள் செத்துப்போயிட்டார்."

வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. எதிர்முனையில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டது. அந்தக் குரலில் அழுகை இல்லை, விவரம் தெரியாத ஒருத்தியிடம் பேசுவது போல் பொறுமைதான் இருந்தது.

"இல்லீங்களே. நலமாக இருக்கிறார்னு நானே எழுத்துக்கூட்டி வாசிச்சேனே. போனை அவருகிட்டக் குடுங்க."