அம்மா தண்ணீர் குடிக்காமல் வந்த நாள்

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போகிறேன். சென்னையில் இருக்கும் அண்ணன், "அம்மாவ நல்லா பாத்துக்கோ" என்று போனில் உத்தரவு போடுவதோடு சரி.

ஒருநாள் மலைப்பாதையில், சிறுநீர் கழிக்க இரண்டாவது முறையாக பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள் அம்மா. அண்ணன் மேலிருந்த எரிச்சலில், "இன்னாம்மா, சும்மா சும்மா நிறுத்தச் சொல்லிக்கினு!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் ஏற்றிய பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீ திட்டுவியேன்னு நேத்துலேருந்து தண்ணியே குடிக்கலம்மா."

இப்போதெல்லாம் அவள் கேட்பதற்கு முன்பே நானே பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறேன். அண்ணன் போன் செய்தால், "அடுத்த வாட்டி நீ வந்து கூட்டிக்கினு போ" என்று கத்துகிறேன். அவன் வாங்க வேண்டிய திட்டைத்தான் அன்று அம்மா வாங்கினாள்.