வெயிலில் நின்ற காரும் பத்து டப்பாக்களும்

"டப்பா 10. முகர்ந்தது 9. வெள்ளி, மே, காலை 10-40."

பென்சிலால் நான் எழுதிய இந்தச் சீட்டு ஒரு பழைய நோட்டுக்குள் கிடந்தது. வருடம் குறிக்கவில்லை. நாற்பதுகளின் கடைசி என்பது மட்டும் நிச்சயம். அந்த வேலையில் அப்போதுதான் இருந்தேன். எதற்கும் தேதி போடாமல் விடாதவன் அன்று வருடத்தை விட்டதற்கு அவசரமே காரணம். பத்தாவது டப்பாவை முகராமல் விட்டதும் அதே அவசரத்தில்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு சினிமாக் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் படம் மாறும். நகரத்துக் கிடங்கிலிருந்து அடுத்த படத்தின் டப்பாக்களை வாடகைக் காரில் கொண்டுவருவது என் பொறுப்பு. அந்தக் காலத்துப் பிலிம், வெடிமருந்துக்கு நெருங்கிய சொந்தம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். பழைய பிரதி அழுகத் தொடங்கியிருந்தால் நெருப்புகூட வேண்டாம், சூடு ஏறினாலே போதும் என்று நூலகத்தில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படித்திருந்தேன். அழுகும் பிலிம், வியர்வை புளித்த துணிபோல நாறும். அதனால் ஏற்றுமுன் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்ப்பேன். அன்று கிடைத்ததோ ஊரெல்லாம் ஓடித் தேய்ந்த பிரதி. ஒன்பது முகர்ந்ததும், பூட்ட வேண்டும் என்று கிடங்குக்காரர் விரட்டினார்.

கார் ஊர்ந்து ஊர்ந்து கொட்டகை வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டரை. பிலிம் அறையின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவி, படம் ஓட்டும் ஆபரேட்டர் பாயின் இடுப்பில். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். சீட்டில் வெள்ளி என்று எழுதிய எனக்கு, வெள்ளியன்று பாய் இருக்கமாட்டார் என்பது தோன்றவில்லை. தொழுகை முடிந்து வண்ணாரப்பேட்டையில் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் திரும்புவார்.

காரை வேறெங்கும் கொண்டுபோக முடியாது. ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தெருவில் நிழல் இரண்டே இடத்தில். டீக்கடைப் பந்தலில் அடுப்பு எரிந்தது. எதிரே வாதாமரத்தடியில் ஜட்கா வண்டிகள், வைக்கோல், பீடி. டப்பாக்களை இறக்கி அங்கே வைப்பதைவிட வெயிலே மேல்.

பின் இருக்கையில் அடுக்கியிருந்த டப்பாக்கள்மேல் வெயில் படக்கூடாது என்று நான் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினேன். பின்பெட்டியிலிருந்த தார்ப்பாயை எடுத்துக் கார்மேல் போர்த்தினேன்.

"காத்து போவாது சாரு" என்றார் காரோட்டி. ஐம்பது வயது இருக்கும். கார் முதலாளியுடையது, அதற்கு ஒரு கீறல் விழுந்தாலும் இவர் வீட்டில் உலை ஏறாது.

"வெயிலும் போகாது" என்றேன். படித்தவன் சொன்னதால் அவரும் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து அவர் போய்த் தார்ப்பாயைத் தூக்கி, கதவுப் பிடியைத் தொட்டார். கையை உதறிக்கொண்டார்.

"உள்ள அடுப்பு கீது சாரு."

மேல்துண்டைக் கையில் சுற்றித் திறந்தார். முகத்தில் அறைந்த அனலோடு ஒரு புளித்த வாடை. இருக்கைத் தோலா, பிலிமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

அதன்பின் அவர் என்னைக் கேட்கவில்லை. நான்கு கதவுகளையும் விரியத் திறந்தார். தார்ப்பாயை இழுத்துப் போட்டார். டீக்கடையில் நாலைந்து கோணிப்பை வாங்கிவந்து, ஜட்காக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியில் முக்கி, கூரைமேல் இரண்டும் காற்று வரும் பக்கத்துக் கதவில் திரைபோல இரண்டும் போட்டார். நான் வாளியால் மொண்டு ஊற்றினேன்.

ஜட்காக்காரர் ஒருவர் வாயில் பீடியுடன் எழுந்து வந்தார்.

"இன்னா நைனா, உன் குதிரைக்கு ஜுரமா? ஈரத்துணி போட்டுகினு கீறே?"

"என் குதிரை உன்னுதாட்டம் பாதி வழில உக்காராது வஸ்தாது."

"உக்காந்துகினுதானே கீது!"

மரத்தடியே சிரித்தது. ஜட்காக்காரர் இன்னும் கிட்டே வந்து, கதவில் கைவைத்து உள்ளே குனிந்தார். பீடியின் முனையில் தொங்கிய சாம்பலைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

"பீடியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்" என்றேன்.

"ஏன், மோட்டாருக்கு நெடி ஆவாதா?"

காரணம் சொன்னால் தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிடும் என்று பயந்தேன். காரோட்டி பயப்படவில்லை. ஜட்காக்காரரின் தோளைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார்.

"உள்ள கீறது பிலிமு. சூடு ஏறினா பத்திக்கும். பத்திகிச்சின்னா நானும் இல்ல, நீயும் இல்ல."

ஜட்காக்காரர் பீடியை உள்ளங்கையால் மறைத்தபடி பின்னோக்கியே நடந்து, தொட்டியருகே போய் ஈரத்தில் தேய்த்தார்.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். "டேய், குதிரைங்கள அவுத்துகினு அந்தாண்ட போங்கடா! டீக்கடை, அடுப்ப அவி!"

பிறகு என்னிடம் வந்தார். "பாய் தங்கச்சி வூடு எனக்குத் தெரியும். பெருநாளுக்கெல்லாம் நான்தான் இட்டுகினு போவேன். உங்க மோட்டாரு நிக்கட்டும், என் குதிரை போவும்."

வண்டி கிளம்பியபோது மணி ஒன்று இருபது. தெரு காலியானது. நாங்கள் இருவர் மட்டும் கோணியை நனைப்பதும், அது காய்வதும், மீண்டும் நனைப்பதுமாக நின்றோம். தொட்டியில் தண்ணீர் முழங்கை அளவுக்கு இறங்கிவிட்டது. "நீ தூரப் போ சாரு, ரெண்டு பேரு எதுக்கு?" என்றார் காரோட்டி. நான் போகவில்லை. தைரியத்தால் அல்ல, கண்ணாடியை ஏற்றியவன் நான்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஜட்கா வந்தது. பாய் ஓடும் வண்டியிலிருந்தே குதித்தார். கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

"கண்ணாடிய மூடி வெச்சது யாரு?"

"நான்தான் பாய்."

வேறொன்றும் கேட்காமல் அறையைத் திறந்தார். ஈரத்துண்டால் பிடித்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, முகர்ந்து, உள்ளே கொண்டுபோனார். நடுவில் ஒன்றை எடுத்ததும் அசையாமல் நின்றார். அதன் மூடி உப்பியிருந்தது. விளிம்பில் வெல்லப்பாகு நிறத்தில் நுரை.

"இது உள்ள வரக்கூடாது" என்றார். பற்றிய பிலிமைத்தான் தண்ணீர் அணைக்காது, பற்றாததைக் குளிரவைக்கும். அவர் கண் தொட்டிமேல் போயிற்று, ஆனால் கேட்கவில்லை. அது குதிரைகளின் தண்ணீர்.

"போடு பாய்" என்றார் ஜட்காக்காரர். "இன்னிக்கு என் குதிரை டீ குடிக்கட்டும்."

டப்பா அமிழ்ந்தது. குமிழிகள் கிளம்பின. கடைசிக் குமிழி உடையும் வரை தொட்டியைச் சுற்றி நின்றோம். பிறகு காரோட்டி போய்க் கூரையைத் துண்டால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தார். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை படம் ஒரு ரீல் குறைவாக ஓடியது. ஆற்றங்கரையில் அழுதுகொண்டிருந்த கதாநாயகி அடுத்த காட்சியில் கைக்குழந்தையோடு வந்தாள். ஜனங்கள் விசிலடித்தார்கள்.

தொட்டிக்குள் போனது நான் முகராமல் விட்ட டப்பாதான் என்றால், அது கிடங்கிலேயே கெட்டுப்போயிருந்தது. என் குற்றம் பாதி. முகர்ந்த ஒன்பதில் ஒன்று என்றால், என் மூக்கு தவறியிருக்க வேண்டும், இல்லை அந்த முப்பத்தைந்து நிமிஷ அனல்தான் அதைக் கெடுத்திருக்க வேண்டும். போன டப்பாவின் எண்ணை மீதி ஒன்பதை வைத்துக் கண்டுகொண்டேன். ஆனால் எந்த எண்ணை முகரவில்லை என்று சீட்டில் இல்லை, எனக்கும் நினைவில்லை. பாயிடம் பின்னால் கேட்டேன். "அந்த நாத்தம் அரை மணியில வராது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்பதை நான் உறுதிசெய்துகொள்ளவில்லை. அவர் இப்போது இல்லை.