வாசல் குழியில் கிடந்த ஊர்கள்

பெருமாள்சாமிக்கு நாற்காலி ஆசை எல்லாம் கிடையாது. கல் பைத்தியம்தான் உண்டு. சங்கரன்கோவிலுக்கு வெளியே இருந்த அந்தக் கல்லூரியில் எழுபத்தொன்றில் நிலவியல் துறையைத் தொடங்கியவர் அவர். புதிதாகச் சேரும் பையன் எவனானாலும் தன் ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவர வேண்டும். அவன் பெயரையும் ஊரையும் வெள்ளைப் பெயிண்டில் அதன்மேல் எழுதி அலமாரியில் வைப்பார். திருவேங்கடம், ராயகிரி, புளியங்குடி என்று சுற்றுவட்டாரமே அந்த அறைக்குள் இருந்தது. வேறு யாரையும் தூசி தட்டக்கூட விடமாட்டார்.

எழுபத்தொன்பதில் கல்லூரி முதல்வர் பதவி காலியானது. பிள்ளைகள் குறைந்த துறைகளை மூடப்போவதாக அப்போதே பேச்சு அடிபட்டது. கல்லூரிச் செயலாளர் துரைப்பாண்டி அவரைக் கூப்பிட்டு, "சார், நீங்க முதல்வரா இருந்தா உங்க டிபார்ட்மெண்ட்ல எவன் கைவைப்பான்?" என்றார்.

மனிதர் அதை அப்படியே நம்பி முதல்வராகிவிட்டார். அங்கேதான் கோட்டைவிட்டார். துறையில் அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை. வகுப்பையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீம்பாக ஏற்றுக்கொண்டார். பாடம் சூடுபிடிக்கும்போது, ஹாஸ்டல் சாம்பாரில் புழு என்று ஆள் வந்து நிற்பான். சுத்தியலும் பையுமாகப் பையன்களை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போவதும் நின்றது. நடக்காத வகுப்புக்கு யார் வருவார்கள்? எண்பத்து நாலில் ஒருவனும் சேரவில்லை. துறையை மூடும் தீர்மானத்தில், பாவம், முதல்வர் என்ற முறையில் அவரே கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து, பரீட்சை வேலையில் அவர் மூழ்கிக் கிடந்தபோது காவலாளி கருத்தப்பாண்டி வந்து நின்றார். "சார், அந்த ரூமை காமர்ஸுக்கு ஒழிக்கச் சொல்லுதாவ. கல்லையெல்லாம் எங்கன போட?"

"எங்கனயாவது போடும்வே," என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

மறுநாள் நல்ல மழை. கல்லூரி வாசலில் எப்போதும் தண்ணீர் தேங்கும் குழி நிரவப்பட்டிருந்தது. சைக்கிளை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளை எழுத்துகளை மிதித்துக்கொண்டு பிள்ளைகள் சிரிப்பும் பேச்சுமாகப் போனார்கள். யாரைத் திட்டுவது? சொன்ன வாய் அவருடையது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரத்துச் சேற்றில் இறங்கினார். கணுக்கால் வரை புதைந்தது. கருத்தப்பாண்டி பதறிப்போய் குடையோடு ஓடிவந்தார்.

"என்ன சார், சகதிக்குள்ள இறங்கிப் போறீய? கல்லு மேல வாங்க. நீங்க வழுக்கி விழுந்திரக் கூடாதுன்னுதான அங்கன போட்டேன்."