என் கையின் ஐந்து பிரதிகள்

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துச் சித்திர மாஸ்டர் மனித உடம்பின் உட்பகுதிகளைப் பலகையில் செதுக்கி, மை பூசி, தாளில் அச்செடுப்பார். விலா எலும்புகள், இதயம், காதின் உட்புறம். ஒவ்வொன்றிலும் ஐந்து தாள்தான். பிறகு பலகை அடுப்புக்குப் போய்விடும். ஐந்தில் ஒன்று எப்போதும் எனக்கு. நான் விலங்கியல் படிப்பித்தவள். ஆனாலும் அவை எனக்குப் பாடப்படங்களாகத் தெரியவில்லை. அந்த விலா எலும்புகளுக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். வாங்கி வாங்கிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினேன்.

"விளக்கு வைக்கிற வீட்டிலை எலும்பையும் ஈரலையும் தொங்கவிட்டால் உன்னைப் பொம்பிளை பாக்க ஆர் வருவினம்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். வராதவர்கள் வராமலே இருக்கட்டும் என்பேன்.

ஒருநாள் அவர் என் வலக்கையை வரையக் கேட்டார். சின்ன வயதில் ஊஞ்சலால் விழுந்து முறிந்த சுண்டுவிரல் கோணலாகவே பொருந்திவிட்டது. வகுப்பில்கூட அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொள்வேன். முடியாது என்றேன்.

"ரீச்சர், உந்தக் கோணல்தான் வடிவு. ஐஞ்சே ஐஞ்சு தாள். பலகையை உங்கடை கண்ணுக்கு முன்னாலை எரிக்கிறன்."

அந்த விரலை வடிவென்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கையை நீட்டினேன்.

அச்சு அருமையாக வந்தது. சொன்னபடியே பள்ளிக்கூடக் குசினி அடுப்படிக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினார்.

"அச்சொட்டா படத்திலை கிடக்கிற மாதிரியே இருக்கு, மாஸ்டர்" என்றேன்.

அவர் அதை நெருப்பில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வருடம் கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கடையில் முறிவு எண்ணெய்ப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த லேபலில் என் கை, அதே கோணல் விரலோடு.

"கோணின கையும் நிமிரும், அக்கா" என்றான் கடைக்காரன். கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு ஒரு போத்தல் வாங்கினேன்.

திங்கட்கிழமை போத்தலை மாஸ்டரின் மேசையில் வைத்தேன். "ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"பலகை எரிஞ்சதை நீங்களே பாத்தனீங்கள்தானே. ஆரோ படத்தைப் பாத்துக் கீறியிருக்கினம்."

நம்பினேன். சந்தேகப்பட்டதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

அன்று பின்னேரம் பள்ளி அலுவலகத்தில் இறப்பர் முத்திரையைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. அதில் எழுத்துகளெல்லாம் இடம்வலம் மாறிக் கிடந்தன. தாளில் சுண்டுவிரல் வலப்புறம் விழவேண்டுமானால், பலகையில் அது இடப்புறம் இருந்திருக்க வேண்டும். நான் எரியப் பார்த்த பலகையிலோ, படத்தைப் போலவே, வலப்புறம் இருந்தது.

இனி அவரை அவன் என்றே எழுதுகிறேன். உண்மைப் பலகையை ஒளித்துவைத்து எண்ணெய்க்காரனிடம் கொடுத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். எனக்குக் காட்டி எரிப்பதற்கென்றே உட்கார்ந்து இன்னொரு கை செதுக்கியிருக்கிறான், அந்தச் சுண்டுவிரலின் கோணலையும் மறக்காமல்.