குழிக்குள் அடித்த உடுக்கு

உடுக்குச் செய்ய முதலில் ஓர் ஆடு சாகவேண்டும். அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் நான் இதை விளக்கியபோது மூத்தவள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். அவளுக்குப் பத்து வயது. தம்பிமார் இருவரும், "எப்ப மாமா வெட்டுறது?" என்று கேட்டார்கள். கடைக்குட்டிக்கு ஐந்து வயதுதான்.

யுத்த காலம். எனக்கு அப்போது இருபத்திரண்டு. துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கப் போய், மூன்றாம் நாள் மூட்டையோடு கடலில் விழுந்து, வேலை போய், கடற்கரையில் இருந்த அக்கா வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தேன். அத்தான் குச்சவெளிப் பக்கம் கரையில் வாடி என்ற ஓலைக்குடில் போட்டு மீன்பிடிக்கப் போயிருந்தார். ஆகவே வீட்டுக்கு ஆண்துணை நான். இதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பாள்.

பிள்ளைகளோடு சந்தைக்குப் போய், காக்கா என்று நாங்கள் கூப்பிடும் இறைச்சிக்கடை முஸ்லிம் அண்ணரிடம் ஆட்டின் இரைப்பைச் சவ்வு கேட்டேன்.

"தின்னவோ தம்பி?"

"இல்லைக் காக்கா, அடிக்க."

"ஆரை?" என்றார், கத்தியை நிறுத்தாமலே.

திரும்பும் வழியில் நாலு நாய்கள் எங்களைத் துரத்தின. பிள்ளைகள் சவ்வைக் காப்பாற்றினார்கள். என் கெண்டைக்கால் காப்பாற்றப்படவில்லை.

சிப்பி ஓட்டால் சவ்வைச் சுரண்டிச் சாம்பல் தடவிக் காயவைத்தோம். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை முதுகோடு முதுகாக வைத்து, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளைத்துக் கம்பியால் முறுக்கினோம். ஆணி என் பெருவிரலையும் துளைத்தது. இரண்டு வாயிலும் சவ்வை இழுத்து வலைநூலால் கட்டியதும் மூத்தவள் ஒரு தட்டுத் தட்டினாள். டும் என்றது. வேலியில் இருந்த காகம் பறந்தது. அக்கா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

அக்காவின் பயம் நியாயமானது. அம்மன் கோயிலில் உடுக்குச் சத்தம் கேட்டால் அவளுக்கு உரு வரும், அம்மன் ஏறி ஆடுவாள். மூன்று ஆண்கள் பிடித்தாலும் நிற்கமாட்டாள். ஏறிய உருவை அதே உடுக்கால்தான் இறக்கவேண்டும், தாளத்தை மெல்ல மெல்லத் தணித்து. நடுவில் நிறுத்தினால் ஆடுகிறவளுக்கே ஆபத்து என்பார்கள்.

"நான் இருக்கிற இடத்திலை இதைத் தொட்டியோ, கையை முறிச்சு அடுப்பிலை வைப்பன்."

"ஓம் அக்கா," என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன்.

வருசம் பிறக்க ஐந்தாறு நாள் இருக்கும்போது, காலையில், ஜப்பான்காரன் வந்தான். அபாயச் சங்கு ஊதி முடியுமுன் முதல் குண்டு விழுந்துவிட்டது. தென்னைக்குக் கீழே பதுங்குவதற்கு வெட்டியிருந்த குழிக்குள் ஐந்து பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். நிலம் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்து வானம் கறுத்தது. அடுத்த வீட்டு மாடு கத்திய கத்து பாதியில் நின்றது.

கடைக்குட்டி அலறிக்கொண்டு வெளியே ஏறப் பார்த்தான். அவனை இழுத்து மடியில் அமுக்கினேன். என் கையைக் கடித்தான். மூத்தவளின் கையில் உடுக்கு இருந்தது. அதைப் பறித்து அவன் காதடியில் அடித்தேன். அழுகை நின்றது. என் வாசிப்புக்கு அதுவரை ஒருவரும் அப்படி மரியாதை தந்ததில்லை. வேகத்தைக் கூட்டினேன். பக்கத்தில் அக்காவின் மூச்சு மாறியது எனக்குக் கேட்கவில்லை.

அவள் எழுந்தபோது தலைமயிர் அவிழ்ந்திருந்தது. கண் அவளுடையதல்ல. குழியின் விளிம்பைப் பிடித்து ஒரே உந்தில் மேலே ஏறினாள். தெற்கே இருந்து ஒரு விமானம் பனைமர உயரத்தில் சுட்டுக்கொண்டு வந்தது.

பயத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். இன்றைக்கும் என்னால் அதை எழுத ஏலாது. அவள் காலைக் கட்டிப்பிடித்தேன். மற்றக் காலால் என் வாயில் உதைத்தாள். முன்பல் ஒன்று தொண்டைக்குள் போனது.

"மாமா, அடியுங்கோ, இறக்குங்கோ," என்று மூத்தவள் கத்தினாள்.

"எனக்கு ஏத்தத்தான் தெரியும்," என்றேன், இரத்தத்தோடு.

மூத்தவள் உடுக்கைப் பிடுங்கினாள். நான் அடித்த பக்கம் கிழிந்திருந்தது. மறுபக்கத்தைத் திருப்பி விரல் நுனியால் தட்டினாள். ஆண்டுதோறும் கோயிலில் தாய்க்குப் பக்கத்தில் நின்று பார்த்த தாளம் அது. ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. விமானத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. மண் வரிசையாகத் தெறித்து வேலிக்கு வந்தது. அக்காவின் முழங்கால் தளர்ந்தது. இன்னும் ஒரு தட்டு. அப்படியே குழிக்குள் என்மேல் சரிந்தாள். அவள் நின்ற இடத்தில் தென்னையின் பட்டை சீவிப் பறந்தது.

சத்தம் ஓய்ந்து வெளியே வந்தபோது குசினிக்குக் கூரை இல்லை. அடுத்த வீட்டு மாடு வயிறு பிளந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "மாமா, இதிலை பெரிய சவ்வு இருக்குது," என்றான் கடைக்குட்டி. அவனைப் பழக்கியது நான்தான்.

அக்கா நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். மயிரிலிருந்த மண்ணைத் தட்டினாள். ஒன்றும் ஞாபகமில்லை. உடுக்கைக் கண்டதும் முகம் மாறியது.

"ஆர் அடிச்சது?"

என் வாய் நிறைய இரத்தம். அதை நிதானமாகத் துப்பத் தொடங்கினேன்.

"ஏத்தினது மாமா. இறக்கினது நான்," என்றாள் மூத்தவள்.

அக்கா எழுந்து வந்து, வீங்காத கன்னத்தில் எனக்கு ஓர் அறை விட்டாள். பிறகு உடுக்கை எடுத்து, கிழிந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, மகளின் கையில் கொடுத்தாள்.

"இதைப் பத்திரமா வைச்சிரு பிள்ளை," என்றாள். "அவன்ரை கையிலை மட்டும் குடுத்திடாதை."