ரேடியேட்டரில் வந்த குமிழ்கள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இது நடந்து சில நாள்தான் ஆகிறது, அதற்குள் முன்னது பின்னது மாறிப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாரெட்பள்ளியில் நான் இட்லி மாவு அரைக்கிறேன். மகன் அதைப் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றிப் போலாரம் வரைக்கும் கடைகளுக்குப் போடுவான். இந்தக் கோடையில் வண்டி சூடாக ஆரம்பித்தது. கொஞ்சம் மேடு ஏறினாலே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும், முன்னாலிருந்து ஆவி கிளம்பும். ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு போவதற்குள் மாவு பொங்கிப் புளித்துவிடும். கடைக்காரர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

"இஞ்சின் போச்சுன்னா வண்டிய எடைக்குப் போட்டுட்டு நான் துபாய் போறேம்மா. டிரைவர் வேலைக்கு ஃபிரண்டு கூப்பிட்டுட்டே இருக்கான்" என்றான் மகன்.

அவனை விட்டால் எனக்கு யாரும் இல்லை. வண்டி தேறினால் போதும் என்று மெக்கானிக்கிடம் போகையில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஏ.எஸ்.ராவ் நகர் சந்து ஒன்றில் ஷெட். மெக்கானிக் இங்கேயே ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர், பேச்சில் இந்த ஊர் உருது கலக்கும். ஃபேன் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார், சரி. ஃபேன் சுற்றியது. சூடானால் திறந்து தண்ணீர் விடும் வால்வைக் கழற்றி, டீக்கடைக் கொதிநீரில் போட்டார். அதுவும் திறந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சரி, சரி என்று சொல்லச் சொல்ல நான் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி என்றால் கெட்டது இஞ்சின்தானே?

வால்வை மாட்டி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ரேடியேட்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார்.

"மேல கொதிக்குது, கீழ சில்லுனு இருக்கு. நடுவுல அடைச்சிருக்கு."

ஆறவிட்டு ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். மஞ்சளாகக் குழகுழவென்று சேறு விழுந்தது.

"டேய், இது ரேடியேட்டரா, சாம்பார் சட்டியா?"

"லீக் ஆச்சுண்ணா. மஞ்சத்தூள் போட்டா அடைச்சுக்கும்னு மார்க்கெட் டிரைவருங்க சொன்னாங்க."

"ஹவ், ஆமா, அவசரத்துக்கு ஒரு சிட்டிகை. நீ எவ்ளோ போட்ட?"

"லீக் ஆகும்போதெல்லாம்."

அடிக்கடி என்னிடம் மஞ்சள் வாங்கிப்போவான். வண்டிக்குப் பொட்டு வைக்கத்தான் என்று நினைத்திருந்தேன். இவனுக்கும் பக்தி வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள்தான் காரணம் என்றால் கழுவினால் போயிற்று.

"சிரிக்காதீங்கக்கா" என்றார் மெக்கானிக். "இத்தன நாள் சூட்டுலயே ஓட்டிருக்கான். இஞ்சின மேல மூடியிருக்கிற ஹெட் வளைஞ்சிருந்தா புகை தண்ணில கலந்து குமிழா வந்துட்டே இருக்கும், அப்ப இஞ்சின் போச்சு. பாப்போம்."

ரேடியேட்டரைக் கழுவி, லீக்கையும் அடைத்து மாட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்தார். மகன் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி வந்தான். மூன்று பேரும் அந்த வாயையே பார்த்தோம். ஒரு குமிழ் வந்தது. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து வந்தன.

"இருடா, புதுசா ஊத்தினா உள்ள இருக்கிற காத்தும் வரும். வெறும் காத்துன்னா கொஞ்சம் ஓடினதும் நின்னுடும்" என்றார் மெக்கானிக்.

மகன் போய் வண்டியை அணைத்துவிட்டான். "நக்கோண்ணா, வேணாம். இன்னும் என்ன பாக்கறது?" என்று போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனான். இன்னும் கொஞ்சம் ஓடவிடு என்று கத்த நினைத்தேன். ஷெட்டில் வேலைப் பையன்கள், மற்ற வண்டிக்காரர்கள் என்று அத்தனை ஆண்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியோரம் நின்றுவிட்டேன்.

வண்டி அங்கேயே நிற்கிறது, சாவி மகனிடம். துபாய் விசாவுக்கு அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான். இன்னொரு தடவை ஓடவிட்டுப் பாருடா என்று நான் சொன்னால், "உனக்கு என்னம்மா தெரியும்?" என்கிறான்.

வண்டி தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். மேல் குழாய், கீழ்க் குழாய் மாற்றி எழுதியிருந்தால் திருத்துங்கள். அந்தக் குமிழ் வெறும் காற்றாக இருக்குமா என்று மட்டும் அவன் கிளம்புவதற்குள் சொல்லிவிடுங்கள்.